கணினிக் கேள்வி – பதில்: 1500 என்ற எல்லையை யார் போட்டது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஏழு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், வழக்கமாகப் பலதும் கலந்து வரும் இந்தப் பகுதியை இம்முறை அதற்கே ஒதுக்கிவிட்டேன். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள், எம்.டி.யு. என்ற மூன்று எழுத்துக்கு எதிரே 1500 என்றோ 1492 என்றோ ஓர் எண் இருப்பதைக் கவனித்திருக்கலாம். எல்லாக் கேள்விகளும் அந்த எண்ணைப் பற்றியவைதாம்.

கேள்வி (வாசகர், மதுரை): வீட்டிலிருந்தபடி, அலுவலக வலையமைப்போடு மறைவாக இணைக்கும் வி.பி.என். வழியாக வேலை செய்கிறேன். புதிய இணைய இணைப்புக்கு மாறியதிலிருந்து ஒரு விசித்திரமான தொல்லை. மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போய்விடுகிறது. ஒரு கோப்பை இணைத்து அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அலுவலகத் தளத்தின் நுழைவுப் பக்கம் வருகிறது. உள்ளே போனால் வெள்ளைத் திரைதான். வேகத்தைச் சோதித்தால் குறையொன்றும் இல்லை. கணினிப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர் வி.பி.என். அமைப்பில் எம்.டி.யு.வை 1400 என்று மாற்றச் சொன்னார். மாற்றியவுடன் எல்லாம் சரியாகிவிட்டது. அளவைக் குறைத்தால் தடை நீங்குவது எப்படி?

பதில்: அந்தத் தம்பி நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் நோய்க்குக் காரணம் உங்கள் வீட்டில் இல்லை.

நாம் அனுப்பும் எதையும் வலையமைப்பு முழுதாக எடுத்துச் செல்வதில்லை. அதைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முன்னாலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி முதலியவற்றைக் கொண்ட தலைப்பகுதியைச் சேர்த்து அனுப்புகிறது. இப்படிப் போகும் ஒரு பொட்டலம், வழியில் உள்ள ஓர் இணைப்பில் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்ற உச்ச வரம்புக்குத்தான் எம்.டி.யு. என்று பெயர். வீட்டிலும் அலுவலகத்திலும் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பியில் அது 1500 பைட். முகவரிகளைத் தாங்கிய தலைப்பகுதி ஐ.பி. என்ற இணைய நெறிமுறைக்கு உரியது; அது அந்த 1500க்குள் அடங்கும். ஈதர்நெட் தன் பங்குக்குப் போடும் உறை அதற்கு வெளியே.

பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ரௌட்டர் உள்நுழையும் வகை இணைப்பாக உங்கள் புதிய இணைப்பு இருக்கக்கூடும் என்பது என் ஊகம். அந்த வகையில் பி.பி.பி.ஓ.இ. என்ற முறை பயன்படுகிறது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதன் வரையறை வெளியானது. அந்த முறை ஒவ்வொரு பொட்டலத்திலும் தனக்கென்று 6 பைட்டும், உள்ளே வரும் பி.பி.பி. நெறிமுறைக்கென்று 2 பைட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆக, 1500இல் உங்களுக்கு மிஞ்சுவது 1492. இதற்கு மேல் வி.பி.என். வேறு. அது உங்கள் பொட்டலத்தை மறையாக்கம் செய்து இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புவதால், முறைக்கு முறை வேறுபடும் அளவில் மேலும் சில பத்து பைட்டுகள் கூடுகின்றன. இப்போது புழக்கத்தில் உள்ள ஒயர்கார்டு முறையை எடுத்துக்கொண்டால், வெளி உறை ஐ.பி. நான்காம் பதிப்பாக இருக்கும்போது 60 பைட், ஆறாம் பதிப்பாக இருக்கும்போது 80 பைட். வி.பி.என். மென்பொருள் 1500ஐ மனத்தில் வைத்துக் கணக்கிட்டு 1440 பைட் பொட்டலத்தை உறைக்குள் போட்டால், மொத்தம் சரியாக 1500 ஆகும். உங்கள் இணைப்பிலோ 1492க்குத்தான் இடம். வெறும் 8 பைட் அதிகம்; ஆனாலும் போகாது.

போகாத பொட்டலத்தை என்ன செய்வது என்பதை வடிவமைத்தவர்கள் யோசிக்காமல் இல்லை. ஜெஃப்ரி மோகல், ஸ்டீவ் டீரிங் ஆகிய இருவரும் 1990ஆம் ஆண்டு நவம்பரில் எழுதிய வரையறையின்படி, அனுப்பும் கணினி தன் பொட்டலங்கள் அனைத்திலும் 'துண்டாக்காதே' என்ற குறியை இட்டு அனுப்பும். வழியில் ஏதேனும் ஒரு ரௌட்டருக்கு அப்பால் உள்ள இணைப்பு குறுகலாக இருந்தால், அந்த ரௌட்டர் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, 'இதற்கு மேல் 1492 தான் போகும்' என்று, பழுதுகளைத் தெரிவிப்பதற்கான ஐ.சி.எம்.பி. வகைச் செய்தி ஒன்றை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும்; அவர் அளவைக் குறைத்து மறுபடி அனுப்புவார். எளிமையான, அழகான ஏற்பாடு. பாதையில் எத்தனை இணைப்புகள் இருந்தாலும், அவற்றுள் மிகக் குறுகியது எது என்பது ஓரிரு முயற்சிகளில் தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒற்றைச் செய்தி திரும்பி வந்து சேர்வதை நம்பியிருக்கிறது. ஐ.சி.எம்.பி. என்றாலே யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற அச்சத்தில், அதை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிடும் ஃபயர்வால்கள், அதாவது வலையமைப்பின் காவல் அரண்கள், ஏராளம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும், பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர் சொன்னார் என்பதற்காக ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதை அடைத்துவிட்டார்கள்; திங்கட்கிழமை காலை பாதிக் கிளைகளின் கோப்புப் பரிமாற்றம் நின்றிருந்தது; இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று புதன்கிழமை வரை ஒருவருக்கும் தோன்றவில்லை. செய்தி தடுக்கப்பட்டால் அனுப்பியவருக்குத் தன் பொட்டலம் கீழே விழுந்தது தெரியாது. பதில் வராததால் அதே அளவில் மறுபடி அனுப்புவார், அதுவும் விழும். வலையமைப்புக்காரர்கள் இதைக் கருந்துளை என்றே அழைக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததை இப்போது பொருத்திப் பாருங்கள். இணைப்பைத் தொடங்கும்போது இரு கணினிகளும் பரிமாறிக்கொள்ளும் பொட்டலங்கள் சில பத்து பைட்டுகளே, அவை போய்விடும். இரண்டு வரி மின்னஞ்சலும் போய்விடும். சிறிய நுழைவுப் பக்கம் வந்துவிடும். கோப்பு என்றதும் பொட்டலங்கள் உச்ச அளவுக்கு நிரம்புகின்றன, அங்கேதான் நிற்கிறது. வேகச் சோதனை வி.பி.என். உறை இல்லாமல் நடந்திருக்க வேண்டும். அதனால் அது பழுதைக் காட்டவில்லை.

அமைப்பை மாற்றியது உங்கள் பக்கத்தில்தான். அலுவலகத்திலிருந்து வரும் பக்கங்களும் சேர்ந்து சரியானது எப்படி என்று கேட்கலாம். தரவு முழுதாகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டி.சி.பி. நெறிமுறையில், இணைப்பைத் தொடங்கும்போது ஒவ்வொரு பக்கமும் 'எனக்கு ஒரு பொட்டலத்தில் இவ்வளவு தரவு வரை அனுப்பலாம்' என்று மறுபக்கத்துக்கு அறிவிக்கும். எம்.டி.யு. 1400 என்றால், ஐ.பி. தலைப்பகுதிக்கு 20, டி.சி.பி. தலைப்பகுதிக்கு 20 போக, உங்கள் கணினி 1360 என்று அறிவிக்கிறது. அலுவலக சர்வரும் அதற்கு மேல் நிரப்புவதில்லை. இந்த அறிவிப்பை நடுவழியில் ரௌட்டரே திருத்தி எழுதிவிடுவதும் உண்டு, பி.பி.பி.ஓ.இ. இணைப்புகளில் 1460ஐ 1452 என்று மாற்றிவிடும். அடுத்தவருடைய கடிதத்தைப் பிரித்துத் திருத்துவது போன்ற காரியம்தான் இது. ஆனாலும் பல வீடுகளில் இணையம் சிக்கலின்றி ஓட இதுவே காரணம்.

கேள்வி (வாசகர், ஈரோடு): என் இணைப்பில் எந்த அளவு வரை போகும் என்பதை நானே கண்டறிய முடியுமா?

பதில்: இன்னொரு கணினிக்கு ஒரு பொட்டலம் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை போதும். விண்டோஸில் அந்தக் கட்டளைக்குப் பின் இணைக்கோட்டுடன் எஃப் என்ற எழுத்தை இட்டால் 'துண்டாக்காதே' என்று பொருள். இணைக்கோட்டுடன் எல் என்ற எழுத்தை இட்டு ஓர் எண்ணைத் தந்தால், அத்தனை பைட் தரவு வைத்து அனுப்பும். இரண்டு எழுத்தும் ஆங்கிலச் சிற்றெழுத்தாக இருக்க வேண்டும். எண்ணாக 1472 கொடுங்கள். 1500 கொடுக்கக் கூடாது, ஏனென்றால், ஐ.சி.எம்.பி. தலைப்பகுதிக்கு 8, ஐ.பி. தலைப்பகுதிக்கு 20 என்று 28 பைட் தானாகச் சேரும். 1472க்குப் பதில் வந்தால் உங்கள் பாதை முழு 1500 பைட்டைத் தாங்குகிறது. வராவிட்டால் 1464ஐ முயன்று பாருங்கள். அது போனால் 1492, அதாவது பி.பி.பி.ஓ.இ. அதுவும் போகவில்லை என்றால், 1300 போகிறதா என்று பார்த்துவிட்டு, போவதற்கும் போகாததற்கும் நடுவில் உள்ள எண்ணை எடுத்துப் பாதி பாதியாக நெருங்கினால், ஏழெட்டு முயற்சிகளில் விடை கிடைத்துவிடும்.

பதில் வராதபோது திரையில் என்ன வருகிறது என்பதையும் கவனியுங்கள். துண்டாக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி வந்தால் உங்கள் பாதை நேர்மையானது. அளவு மிஞ்சிவிட்டது என்று யாரோ வாய்திறந்து சொல்கிறார்கள். சிறிய அளவுக்குப் பதில் வருகிறது, பெரிய அளவுக்கு எந்தச் செய்தியும் இன்றி நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் வருகிறது என்றால், முந்தைய பதிலில் சொன்ன கருந்துளையை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கேள்வி (பொறியியல் மாணவி, திருநெல்வேலி): கணினியில் எல்லாம் இரண்டின் அடுக்குகளாக இருக்க, 1500 மட்டும் எங்கிருந்து வந்தது? யார் நிர்ணயித்தார்கள்?

பதில்: ஈதர்நெட்டின் பிறப்பிடம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வகம், ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் 1973இல் அதற்கான வேலையைத் தொடங்கினார்கள். நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடிய அந்தச் சோதனை வலையிலிருந்து, டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட் என்ற பொதுவரையறையை 1980இல் வெளியிட்டன. 1500 என்ற உச்ச வரம்பு அதில் இருக்கிறது. 1983இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ. வகுத்த தரமும் அதையே ஏற்றுக்கொண்டது.

அன்றைய ஈதர்நெட் என்பது ஒரே தடித்த கம்பி. எல்லாக் கணினிகளும் அதில் தொங்கும். ஒன்று பேசும்போது மற்றவை வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். 1500 பைட் பொட்டலத்தை உறையோடு சேர்த்து 1518 பைட்டாக 10 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 1.2 மில்லிநொடி ஆகும். வரம்பை இருபது மடங்காக்கியிருந்தால் ஒரே கணினி 24 மில்லிநொடி கம்பியைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும். இது ஒரு காரணம். வரும் பொட்டலம் முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்ள ஒவ்வொரு வலை அட்டையிலும் நினைவகம் வேண்டும். 1980இல் அது விலை உயர்ந்த பொருள் என்பது இன்னொரு காரணம். பொட்டலம் நீளமாக நீளமாக அதில் ஒரு பிட் கெடுவதற்கான வாய்ப்பும் கூடுகிறது, ஒரு பிட் கெட்டாலும் முழுவதையும் திரும்ப அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபுறம், பொட்டலத்தை மிகச் சிறியதாக்கினால் தலைப்பகுதிகளைச் சுமப்பதிலேயே கம்பி தீர்ந்துவிடும். இந்த இழுபறிக்கு நடுவே பிடித்த ஒரு வட்ட எண்தான் 1500.

இதே வரையறையில் குறைந்தபட்ச அளவு ஒன்றும் உண்டு: உறையோடு சேர்த்து 64 பைட், அதாவது 512 பிட். அது அப்படி வசதிக்காகப் போட்ட எண் அன்று. கம்பியின் இரு கோடிகளில் இருக்கும் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், மோதல் நடந்ததை அனுப்பி முடிப்பதற்குள் இருவரும் அறிய வேண்டும். அதற்குக் குறிப்பலை கம்பியின் கடைசி வரை போய்த் திரும்பும் நேரமாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் வந்த 51.2 மைக்ரோநொடியில் 10 மெகாபிட் வேகத்தில் போகக்கூடியது சரியாக 512 பிட். ஆகவே, கீழ் வரம்பை இயற்பியல் தந்தது. மேல் வரம்பைப் பணப்பை தந்தது என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரணங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பொதுக்கம்பி போய், ஒவ்வொரு கணினியையும் தனிக் கம்பியில் இணைக்கும் சுவிட்ச் வந்துவிட்டது, நினைவகம் மலிந்துவிட்டது, வேகம் 10 மெகாபிட்டிலிருந்து 100 கிகாபிட்டுக்கும் மேலே போய்விட்டது. 1500 மட்டும் அப்படியே நிற்கிறது. பொட்டலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளையும் சேர்த்தால் கம்பியில் அது பிடிக்கும் இடம் 1538 பைட். 10 மெகாபிட் வேகத்தில் அப்படிப்பட்டவை நொடிக்கு 812தான் போகும். 100 கிகாபிட் வேகத்தில் 81 லட்சம். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பது கணினிக்குச் சுமை. அதனால் இப்போதைய இயங்குதளங்கள் 64 கிலோபைட் வரையுள்ள பெரிய கட்டாகவே தரவைக் கீழே தள்ளிவிடுகின்றன. 1500 என்ற அளவுக்கு வெட்டித் தலைப்பகுதி ஒட்டும் வேலையை வலை அட்டை பார்த்துக்கொள்கிறது. வரம்பை மாற்ற முடியாததால் வெட்டும் வேலைக்குத் தனி ஆள் வைத்துக்கொண்டோம்.

ஏன் மாற்ற முடியாது என்றால், ஈதர்நெட்டில் ஒவ்வொரு கருவியும் தன் அண்டைக் கருவியிடம் 'உன் வரம்பு என்ன' என்று கேட்டுக்கொள்வதில்லை. எல்லாரிடமும் 1500 இருக்கும் என்ற எழுதாத நம்பிக்கையில்தான் அது ஓடுகிறது. உலகத்தில் உள்ள கோடிக்கணக்கான கருவிகளை ஒரே நாளில் மாற்றுகிறவர் யாரும் இல்லை.

கேள்வி (ஒளிப்படக் கூடம் நடத்துபவர், கோயம்புத்தூர்): எங்கள் கூடத்தில் பொதுச் சேமிப்புப் பெட்டி ஒன்று உண்டு. எம்.டி.யு.வை 9000 ஆக்கினால் கோப்புகள் வேகமாகப் போகும் என்கிறார்கள். இணையமும் வேகமாகுமா?

பதில்: இணையம் வேகமாகாது, அதை முதலிலேயே மறந்துவிடுங்கள். உங்கள் வாசலைத் தாண்டியதும் 1500தான்.

கூடத்துக்குள் ஓரளவு பலன் இருக்கலாம். 9000 என்ற எண்ணை 1990களின் பிற்பகுதியில் ஆல்டியான் என்ற நிறுவனம் முன்வைத்தது. கோப்புப் பகிர்வு முறைகள் 8192 பைட் கொண்ட தொகுதிகளாகத் தரவை அனுப்பி வந்ததால், அது தலைப்பகுதிகளோடு ஒரே பொட்டலத்தில் அடங்க வேண்டும். ஈதர்நெட்டில் பிழை கண்டுபிடிக்கப் பயன்படும் 32 பிட் சரிபார்ப்பு எண் சுமார் 11,000 பைட் வரைதான் தன் முழு வலிமையோடு வேலை செய்யும். இரண்டுக்கும் இடையில் 9000 வசதியாக அமர்ந்தது. ஐ.இ.இ.இ. இதைத் தரமாக ஏற்கவில்லை. ஆனாலும் தரவு மையங்களில் பரவலாகப் புழங்குகிறது. அமேசானின் மேகக் கணினிகளுக்குள் 9001 வரை கூட உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டி, கணினிகள், நடுவில் உள்ள சுவிட்ச் ஆகிய அனைத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் தொல்லைதான். ஏனென்றால் சுவிட்ச், ரௌட்டரைப் போல 'பெரியதாக இருக்கிறது' என்று திருப்பிச் சொல்லாது, அதற்கு ஐ.பி. என்றாலே என்னவென்று தெரியாது. தன் அளவுக்கு மீறியதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். உங்கள் வலை அட்டைகள் கடந்த பத்தாண்டுகளில் வாங்கியவை என்றால், மேலே சொன்ன வெட்டும் வேலையை அவையே செய்துவிடும். ஆதலால் கிடைக்கும் லாபம் பெரிதாக இராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 1500ஐத் தொட மாட்டேன்.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): ஐ.பி. பொட்டலம் 65,535 பைட் வரை இருக்கலாம் என்று பாடநூலில் படித்தேன். 1500தான் வரம்பு என்றால் இது என்ன?

பதில்: இரண்டும் இரண்டு அடுக்குகளின் வரம்புகள். ஐ.பி. தலைப்பகுதியில் மொத்த நீளத்தை எழுத 16 பிட் ஒதுக்கியிருப்பதால் 65,535க்கு மேல் எழுத முடியாது. அது தாளில் உள்ள உரிமை. 1500 என்பது பொட்டலம் போகும் கம்பியின் வரம்பு. 1981ஆம் ஆண்டின் ஐ.பி. வரையறை இந்த இரண்டுக்கும் பாலம் போட்டது: பொட்டலம் பெரிதாக இருந்தால் வழியில் உள்ள ரௌட்டரே அதைத் துண்டாக்கும், துண்டுகளைச் சேர்ந்த இடத்தில் ஒன்றாக்கிக்கொள்வார்கள். எந்தக் கணினியும் 576 பைட் வரை ஏற்றே ஆக வேண்டும் என்றும் அதே வரையறை சொன்னது.

4000 பைட் பொட்டலம் ஒன்று 1500 பைட் கம்பிக்கு வருகிறது என்று வையுங்கள். அதில் 20 பைட் தலைப்பகுதி, மீதி 3980 தரவு. ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக 20 பைட் தலைப்பகுதி வேண்டும் என்பதால், முதல் துண்டில் 1480, இரண்டாவதில் 1480, மூன்றாவதில் 1020 என்று பிரியும். முழுவதில் தன் இடம் எது என்பதை ஒவ்வொரு துண்டும் எட்டு எட்டுப் பைட்டாக எண்ணிச் சொல்லும். ஆகவே அவற்றில் 0, 185, 370 என்று குறித்திருக்கும். நேர்த்தியான முறைதான். ஆனால் மூன்றில் ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டும் வீண்; முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டும். எந்தச் செயலிக்கு உரியது என்பதைச் சொல்லும் போர்ட் எண் முதல் துண்டில் மட்டுமே இருப்பதால், அடுத்த துண்டுகளை விடுவதா தடுப்பதா என்று ஃபயர்வால் திகைக்கும். கிறிஸ்டோபர் கென்ட் என்பவரும் முன்பு சொன்ன மோகலும் சேர்ந்து, துண்டாக்குவது தீங்கு என்றே 1987இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். வழியில் வெட்டாமல், அளவை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் 1990ஆம் ஆண்டு ஏற்பாட்டுக்கு அடித்தளம் அந்தச் சிந்தனைதான்.

65,535 என்ற எண்ணுக்குத் துர்க்கீர்த்தியும் உண்டு. கடைசித் துண்டின் இடக்குறிப்பு 8191 வரை போகலாம்; எட்டால் பெருக்கினால் 65,528. அங்கிருந்து தொடங்கும் துண்டில் 7 பைட்டுக்கு மேல் வைத்து அனுப்பினால், ஒன்று சேர்க்கும்போது மொத்தம் வரம்பைத் தாண்டும். அப்படி ஒன்று வரும் என்று எதிர்பாராமல் எழுதிய இயங்குதளங்கள், ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே எழுதி உறைந்து நின்றன. 1996, 1997ஆம் ஆண்டுகளில் 'மரண பிங்' என்ற பெயரில் பரவிய தாக்குதல் இதுதான். ஐ.சி.எம்.பி.யையே மூடிவிடும் பழக்கத்துக்கு இந்தப் பழைய பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழுது திருத்தப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பயம் போகவில்லை.

கேள்வி (ஓய்வு பெற்ற தொலைபேசித் துறை ஊழியர், சேலம்): எங்கள் காலத்தில் ஏ.டி.எம். முறை பற்றிப் பயிற்சி தந்தபோது 53 பைட் என்றார்கள். அவ்வளவு சிறிய, ஒற்றைப்படை எண்ணை ஏன் வைத்தார்கள்?

பதில்: பணம் எடுக்கும் இயந்திரம் என்று மற்ற வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம், தொலைபேசிக்காரர்கள் 1980களில் உருவாக்கிய வலையமைப்பு முறை இது. 48 பைட் தரவு, 5 பைட் தலைப்பகுதி; இரண்டும் சேர்ந்த 53 பைட் பொட்டலத்துக்குக் கூடு என்று பெயர்.

அவர்கள் கவலை கோப்பைப் பற்றியது அன்று, குரலைப் பற்றியது. தொலைபேசிக் குரல் நொடிக்கு 64 கிலோபிட், அதாவது 8000 பைட். 32 பைட் நிரம்ப 4 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். 64 பைட் நிரம்ப 8 மில்லிநொடி. தாமதம் கூடினால் பேசுபவருக்குத் தன் குரலே எதிரொலிக்கும். அதை நீக்கக் கருவி போட வேண்டும். பரப்பில் சிறிய ஐரோப்பிய நாடுகள் அந்தச் செலவைத் தவிர்க்க 32 கேட்டன. எதிரொலி நீக்கும் கருவிகளை ஏற்கெனவே நிறுவியிருந்த அமெரிக்கர்கள் 64 கேட்டார்கள். கூட்டி இரண்டால் வகுத்தார்கள், 48 வந்தது. பொறியியலில் ஒருவருக்கும் முழுத் திருப்தி தராத எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதன் விலையை இணையம் கொடுத்தது. 1500 பைட் பொட்டலம் ஒன்றுக்கு 8 பைட் பின்பகுதி சேர்த்து 48, 48 ஆகப் பிரித்தால் 32 கூடுகள் வேண்டும். கடைசிக் கூடு பாதிகூட நிரம்பாது. கம்பியில் போவது 1696 பைட். தொலைபேசிக் கம்பி வழியாக ஏ.டி.எஸ்.எல். அகலப்பட்டை வந்தபோது அதன் அடியில் ஓடியதும் இதே முறைதான். விளம்பரத்தில் சொன்ன வேகத்துக்கும் கோப்பு இறங்கிய வேகத்துக்கும் இருந்த இடைவெளியில் ஒரு பங்கு இந்த உறைகளுக்குப் போனது.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): ஐ.பி. ஆறாம் பதிப்பு வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுமா?

பதில்: ஒரு பக்கம் தீர்ந்தது, இன்னொரு பக்கம் இறுகியது. ஆறாம் பதிப்பில் வழியில் உள்ள ரௌட்டர்கள் துண்டாக்குவதே கிடையாது. தேவையானால் அனுப்புபவர்தான் துண்டாக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எந்த இணைப்பும் குறைந்தது 1280 பைட் பொட்டலத்தையாவது சுமந்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் முதல் வரையறையில் இது 576 ஆக இருந்தது. 1998இல் 1280 ஆக உயர்த்தினார்கள். வழியில் வெட்டுபவர் இல்லாததால், 'பெரியதாக இருக்கிறது' என்ற செய்தி திரும்பி வருவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. நான்காம் பதிப்புக்கு எழுதிய விதிகளை அப்படியே நகலெடுத்து ஆறாம் பதிப்பிலும் ஐ.சி.எம்.பி.யை அடைக்கும் நிர்வாகிகள், தங்கள் வலையமைப்பைத் தாங்களே முடக்கிக்கொள்கிறார்கள்.

செய்தி வரும் என்று நம்பியிருந்து ஏமாந்தவர்கள் வேறு வழிகளும் கண்டார்கள். சிறிய பொட்டலத்தில் தொடங்கி, பெரிதாக்கிப் பார்த்து, போய்ச் சேர்ந்த ஒப்புகை வருகிறதா என்பதை மட்டும் வைத்துப் பாதையின் அளவை அறியும் முறை 2007இல் வரையறுக்கப்பட்டது. அதற்கு எந்த ரௌட்டரின் தயவும் வேண்டாம். உங்கள் உலாவி இன்று பல தளங்களோடு பேசப் பயன்படுத்தும் குயிக் நெறிமுறை, முதல் பொட்டலத்தையே 1200 பைட்டாவது இருக்கும்படி நிரப்பி அனுப்புகிறது. அந்த அளவு போகாத பாதை என்றால் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னும் எளிமையாக முடித்துக்கொண்டவர்கள், தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வர்களை நடத்துபவர்கள். 1987இல் 512 பைட்டாக இருந்த அவர்களுடைய பதில் வரம்பு, பிற்பாடு 4096 வரை வளர்ந்தது. பெரிய பதில்கள் துண்டாகி வழியில் காணாமல் போயின. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதியை ஒரு நாளாகக் குறித்துக்கொண்டு, இனிமேல் 1232 பைட்டுக்கு மேல், ஒப்புகை கேட்காத எளிய நெறிமுறையான யு.டி.பி. வழியே அனுப்ப வேண்டாம், அதற்கு மேல் இருந்தால் டி.சி.பி. வழியே கேட்டுக்கொள்ளட்டும் என்று மென்பொருள் எழுதுபவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1232 எங்கிருந்து வந்தது என்பதை இந்நேரம் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்: 1280இல் ஐ.பி. ஆறாம் பதிப்பின் தலைப்பகுதிக்கு 40, யு.டி.பி. தலைப்பகுதிக்கு 8.